புகை போகும் வழி

அத்தியாயம் பதினொன்று

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மருந்துக்கடைக்காரர் போட்ட உத்தரவு இன்னும் அமலில்தான் இருந்தது. பட்டறையில் இனி யாரும் இரும்பு வெட்டக் கூடாது.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பட்டறை வீட்டோடு ஒட்டியது. நடுவில் ஒரே ஒரு கதவு. கதவைத் தாண்டினால் சின்ன நடை, நடையை ஒட்டி அவருடைய அம்மாவின் அறை. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்கு மருந்துக்கடைக்காரரின் தங்கை, இரும்பை அறுக்கும் பிளாஸ்மா டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு தகட்டை வெட்டியபோது எழுந்த புகை, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் நுழைந்து நேராக அந்த அறைக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை.

அந்தத் தங்கையை வீட்டில் எல்லோரும் பொறி என்றே கூப்பிடுவார்கள். சிறு வயதிலிருந்தே எதையும் சட்டென்று பற்றிக்கொள்கிறவள். இப்போது இரும்புக் கேட்டும் கைப்பிடியும் செய்து பிழைக்கிறாள். மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கும் அப்படி ஒரு பெயர் அமைந்துவிட்டது. பொறி வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் கிழவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே பெரிய கட்டடங்களுக்கு ஏசி காற்று போகிற தகரக் குழாய்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனால் காற்று எங்கே ஓடும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் இன்னும் அவளுக்கு அத்துப்படி.

அதனால்தான் உத்தரவுக்கு எதிராக அவள் வாயைத் திறந்தாள். பொறி செய்துகொண்டிருக்கும் வெட்டு மேசைக்குப் புகை உறிஞ்சும் ஏற்பாட்டைத் தானே செய்து தருவதாகவும், ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விட வேண்டும் என்றும் புருஷனிடம் கேட்டாள். அப்படியும் அத்தையின் அறைக்கு நெடி வந்தால் மேசையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரே ஒரு தடவை என்றார்.

அந்த ஒரு தடவை இன்றைக்குத்தான்.

காலையில் அண்ணி பட்டறைக்குள் நுழைந்தபோது மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பொறி மல்லாந்து படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள். காபி குடித்தாயா என்று கேட்டதற்கு ஸ்பானரைக் கொடுங்கள் என்று பதில் வந்தது.

மேசை ஒரு கட்டில் அளவு இருந்தது. சதுர இரும்புக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்த சட்டம். மேலே பலகைக்குப் பதிலாக இரும்புப் பட்டைகள் வரிசையாகச் செங்குத்தாக நின்றன. வெட்ட வேண்டிய தகடு அவற்றின் மேல்தான் படுத்துக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் மாதிரி ஒரு தடம். தடத்தின் மேல் குறுக்காக ஓர் உத்தரம், உத்தரத்தில் தொங்கும் டார்ச். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மோட்டார்கள் டார்ச்சை இழுத்துக்கொண்டு அந்தப் படத்தின் கோட்டிலேயே நடக்கும். டார்ச்சின் முனையில் அழுத்தமான காற்றும் மின்சாரமும் சேர்ந்து ஊசி போன்ற நெருப்பாகி இரும்பை உருக்கி அறுக்கும். இதெல்லாம் பொறியின் கைவேலை.

பட்டைகளுக்குக் கீழே இருந்தது அண்ணியின் கைவேலை. தகரத்தில் ஒரு பெரிய தொட்டி, உள்ளே நான்கு தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு மூடி. டார்ச் எதற்கு மேல் வருகிறதோ அந்த மூடி மட்டும் தானாகத் திறக்கும். மேசை முழுவதும் சோம்பலாக இழுப்பதைவிடப் புகை பிறக்கிற இடத்தில் மட்டும் மூச்சுப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. தொட்டியிலிருந்து போகும் குழாய், ஒரு பழைய பீப்பாய்க்குள் நுழைந்து சுழன்று, ஃபில்டர் பெட்டிக்குப் போய், பெரிய ஃபேன் வழியாகக் கூரைக்கு மேலே ஏறிவிடும்.

பீப்பாய் எதற்கு என்று பொறி நேற்று வரை சண்டை போட்டாள். குழாயை நேரே ஃபில்டருக்குக் கொடுத்திருந்தால் ஒரு நாள் வேலை மிச்சம் என்பது அவள் வாதம். ஃபில்டர் என்பது அடுக்கி மடித்த காகிதம், நெருப்புத் துணுக்குகளைப் பீப்பாயில் இருக்கும் தண்ணீரில் விழவைக்காவிட்டால் வினை என்று அண்ணி விளக்கினாள்.

"ஒரே ஒரு பொறி உள்ள போனா போதும். வீடே பத்திக்கும்."

"நீங்க எந்தப் பொறியைச் சொல்றீங்க?"

அதற்குப் பிறகு இருவருக்கும் சண்டை போட முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பீப்பாய் நின்றுவிட்டது.

இன்றைக்கே ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஊர் நடுவில் குழந்தைகளுக்காக ஒரு நூலகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும். பொறி வரைந்து கொடுத்த படத்தில் முதல் படியில் ஒரு கிளை, கிளையில் உட்கார்ந்த பறவைகள். படி ஏற ஏற அவை ஒவ்வொன்றாகச் சிறகு விரித்து, மேல் மாடிக்குப் போகும்போது கூட்டமாகப் பறந்துகொண்டிருக்கும். படம் பிடித்திருந்தது, ஆனால் வீட்டுப் பட்டறையில் இவ்வளவு நுணுக்கமாக வெட்ட முடியுமா என்று நூலகத்தைக் கட்டுகிற இன்ஜினியருக்குச் சந்தேகம். சாயங்காலம் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு தகடாவது வெட்டிக் காட்டவில்லை என்றால் வேலை பெரிய தொழிற்சாலைக்குப் போய்விடும்.

இப்படி ஒரே நாளில் இரண்டு பரீட்சை.

கடைக்குக் கிளம்பும் முன் மருந்துக்கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். கையில் அகலமான டேப் சுருள். பின்பக்க ஜன்னலின் இடுக்குகளை ஒட்டினார். வாசல் ஷட்டரை இறக்கினார். வீட்டுக்குள் போகும் கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்து அடைத்தார். கூரை ஓரத்தில் இருந்த ஓட்டைகளைப் பொறி ஏற்கெனவே நுரை அடித்து மூடியிருந்தாள்.

அண்ணிக்கு மனசுக்குள் நமைச்சல் எடுத்தது. அவள் திட்டத்தில் அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

"உள்ள காத்து வரணுங்க. வராம ஃபேன் எதை இழுக்கும்?"

"புகை வெளிய போகக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு? அப்புறம் எதுக்குத் திறந்து வெக்கணும்?"

அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஜன்னல் வழியாகப் போகிற புகை சுவரைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் ஜன்னலுக்கு வராது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அதனாலேயே அவளால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. ஷட்டரின் ஓரங்களில் கசிகிற காற்று போதுமாக இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

போகிற வழியில் அவர் அம்மாவின் அறைக்குப் போய், மூச்சின் பலத்தை அளக்க ஆஸ்துமாக்காரர்கள் ஊதுகிற சின்னக் குழாயைக் கொடுத்தார். அம்மா ஊதினார். குழாயின் பக்கவாட்டில் இருக்கும் முள் எங்கே போய் நின்றதோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது மறுபடி ஊதச் சொல்வேன், கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கினாலும் மேசை வெளியே போய்விடும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

பொறி கம்ப்ரசரை ஓட விட்டாள். அண்ணி ஃபேனைப் போட்டாள். தரை லேசாக அதிர்ந்தது. இருவரும் கறுப்புக் கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டார்கள். பட்டைகளின் மேல் தகடு தயாராகக் கிடந்தது.

"போடட்டுமா அண்ணி?"

"போடு."

டார்ச் கீழே இறங்கித் தகட்டை ஒரு தடவை தொட்டது, மேலே எழும்பியது. சீறலோடு வெளிச்சம் பிறந்தது. உத்தரம் நகர ஆரம்பித்தது. அது நகர்ந்த அழகைப் பார்த்து அண்ணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாளாகத் துண்டு துண்டாகத் தரையில் கிடந்த சாமான்கள், இப்போது ஓர் உயிர் போல் ஒன்றாக அசைந்தன. முதல் மூடி சரியாகத் திறந்தது. புகை கீழே வளைந்தது.

வளைந்தது, பிறகு தயங்கியது.

கொஞ்ச நேரத்திலேயே ஃபேனின் சத்தம் மாறியது. கனமான இரைச்சல் மெலிந்து, ஓட்டைப் பாத்திரத்தில் ஊதுவது போல் ஊளையிட்டது. இழுக்கக் காற்று இல்லை. புகை பட்டைகளுக்கு இடையில் எட்டிப் பார்த்து, மேசையின் ஓரங்களில் வழிந்து, மெல்ல மெல்ல மேலே எழுந்து கூரைக்கு அடியில் தொங்கியது.

பொறி டார்ச்சை நிறுத்தினாள். யோசிக்காமல் ஓடிப்போய் ஷட்டரை அரைவாசி தூக்கினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. தெருவிலிருந்து ஒரு காற்று உள்ளே பாய்ந்து, கூரையடியில் தொங்கிய புகையை அப்படியே அள்ளி வீட்டுக் கதவின் மேல் அப்பியது. அண்ணி பாய்ந்து போய்க் கதவின் இடுக்குகளில் கையில் கிடைத்த துணியையெல்லாம் திணித்தாள். ஷட்டரை இறக்கு என்று கையால் சைகை காட்டினாள். ஷட்டர் இறங்கியது. மறுபடியும் ஃபேனின் ஊளை.



பொறி ஸ்பானர்ப் பெட்டியைத் திறந்தாள். அண்ணன் வருவதற்குள் தானே பிரித்துவிடுவது மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ. அண்ணியால் அதைப் பார்க்க முடியவில்லை. காலையிலேயே இன்னும் கொஞ்சம் அடம் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. காற்றைப் பற்றி அவ்வளவு தெரிந்தும், ஒரு டேப் சுருளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டது தன் தப்புதானே.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

மாமியார் ரிட்டயர் ஆகும் வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். மூச்சு குறைந்திருக்கலாம், குரல் குறையவில்லை. இரைச்சலான லைனிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும் என்று பழக்கப்பட்ட குரல். ஃபேன் ஊளையிடுவதையும் கதவு தடதடப்பதையும் இவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது சொல்வீர்களா என்றும் கேட்டார்.

"அத்தை, கதவைத் திறக்காதீங்க. புகை இருக்கு. ரூமுக்குப் போயிடுங்க."

"கதவே உங்க பக்கம் வரணும்னு இழுத்துக்கிட்டு நிக்குதும்மா. நான் எங்க திறக்கறது?"

தாழ்ப்பாள் அவர் பக்கத்தில்தான் இருந்தது. அண்ணி வேண்டாம் என்று கத்துவதற்குள் அது சடக்கென்று நகர்ந்தது. கதவு மாமியார் கையை விட்டுப் பறந்து பட்டறைப் பக்கமாகத் திறந்துகொண்டது. திணித்த துணிகள் பறந்தன.

அண்ணி கைகளை விரித்துக்கொண்டு அத்தையின் முன்னால் போய் நின்றாள், தன் உடம்பாலேயே புகையைத் தடுத்துவிடலாம் என்பது போல.

ஆனால் புகை அவர்கள் பக்கம் வரவில்லை.

காற்று அவள் முகத்தில் அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து, நடை வழியாக, சமையலறையின் வாசனையோடு சில்லென்று வந்தது. மாமியாரின் சேலைத் தலைப்பு தோளிலிருந்து எழுந்து பட்டறையை நோக்கிப் படபடத்தது. ஃபேனின் ஊளை அடங்கி அந்தப் பழைய கனமான இரைச்சல் திரும்பியது. கூரையடியில் தொங்கிய புகை முதலில் கலைந்தது, பிறகு சரிந்தது, அப்புறம் சமையலறைத் தொட்டியில் அடைப்பை எடுத்ததும் தண்ணீர் போவது போலச் சுழித்துக்கொண்டு மேசைக்குள் இறங்கிப் போயே போய்விட்டது.



அண்ணிக்குத்தான் முதலில் விளங்கியது. விளங்கியதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குப் புகை போய்விடும் என்று எந்தக் கதவை உயிரைக் கொடுத்து மூடினார்களோ, அந்தக் கதவுதான் திறந்திருக்க வேண்டும். வீட்டின் நல்ல காற்று பட்டறைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் பட்டறைப் புகை அதை எதிர்த்து நீந்தி வீட்டுக்குள் வர முடியாது. பின்பக்க ஜன்னலைப் பற்றி மட்டும் யோசித்தவள், இந்தக் கதவைப் பற்றிப் பேசுவதற்கே பயந்து அதை நினைப்பிலிருந்தே தள்ளி வைத்திருந்தாள்.

"பொறி, அந்தப் பெட்டியை மூடு. இன்னொரு தடவை வெட்டறோம்."

மாமியாரை அறைக்கு அனுப்புவது லேசான காரியமாக இல்லை. தன் வீட்டில் தன் கதவருகில் நிற்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர் தன் அறையில், ஜன்னலைத் திறந்து வைத்து, கையில் மருந்து ஸ்ப்ரேயோடு உட்கார்ந்திருப்பார். மூக்கில் இம்மி நெடி பட்டாலும் குரல் கொடுப்பார். குரல் வந்த அடுத்த நொடி எல்லாம் நின்றுவிடும்.

அண்ணி டிஷ்யூ பேப்பரை நீள நீளமாகக் கிழித்துக் கதவு நிலையில் வரிசையாக ஒட்டினாள். ஃபேன் ஓடியதும் அத்தனையும் பட்டறைப் பக்கமாகச் சாய்ந்து நடுங்கின. அது போதும் அவளுக்கு. ஒரு துண்டாவது வீட்டுப் பக்கம் திரும்பினால் நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட வேண்டியதுதான்.

இரண்டாவது முறை டார்ச் இறங்கியபோது பொறி மேசையைப் பார்த்தாள், அண்ணி டிஷ்யூவைப் பார்த்தாள். சீறல், வெளிச்சம், உத்தரத்தின் நடை. ஒரு மூடி மூடிக்கொள்ள அடுத்தது திறக்கும் டக் டக் ஓசை. பீப்பாய்க்குள் நெருப்புத் துணுக்குகள் தண்ணீரில் விழும் சத்தம் மழையில் தகரக் கூரை போலக் கேட்டது. புகை பிறந்த இடத்திலேயே கீழே மடங்கி மறைந்தது. ஒரு நூல் கூட மேலே வரவில்லை.

பிறகு டங்கென்று ஒரு சத்தம். தகட்டிலிருந்து முதல் பறவை கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

பொறிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டாவது பறவை, மூன்றாவது. சிறகின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, விளிம்பில் பிசிறில்லாமல். கையால் வெட்டினால் ஒரு வாரம் ஆகியிருக்கும் என்று முகமூடிக்குள்ளிருந்து என்னென்னவோ கத்தினாள், பாதி கேட்கவில்லை. அறையிலிருந்து குரலே வராததைக் கண்டு அண்ணிக்குத் திடீரென்று பயம் வந்து எட்டிப் பார்த்தாள். மாமியார் நாற்காலியைத் தன் அறை வாசற்படிக்கே நகர்த்திப் போட்டுக்கொண்டு, சினிமா பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்னதால் கண்ணை மட்டும் இறுக்க மூடியிருந்தார். காதால் பார்க்கிறேன் என்றார்.

அந்த நிலையில்தான் மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டுக்கு வந்தார்.

நடையில் நுழைந்தவர் அப்படியே நின்றார். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே இரும்பு வெட்டிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி அம்மா. அவர் முகம் வெளுத்ததை அண்ணி பார்த்தாள். பொத்தானை அமுக்கி டார்ச்சை நிறுத்தினாள். ஃபேனை நிறுத்தவில்லை.

"என்ன சொல்லிட்டுப் போனேன் நான்? கதவை யார் திறந்தது?"

"நான்தான்டா திறந்தேன்," என்றார் அம்மா. "கத்தாத. இங்க வந்து நில்லு."

அவர் நகரவில்லை. அண்ணி போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து நிலைப்படியில் நிறுத்தினாள். கடைசியாக ஒட்டிய டிஷ்யூவைப் பிய்த்து அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள். அது அவர் கையில் ஒரு மீன் போலத் துள்ளி, பட்டறைப் பக்கமாக நீண்டு நின்றது. அவர் திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். மறுபடி டிஷ்யூவைப் பார்த்தார். மூச்சை ஆழமாக இழுத்தார். அன்றைக்கு வீடு முழுக்க நின்ற அந்தச் சுட்ட இரும்பு நெடி இல்லை. சாம்பார் வாசனையும் அம்மாவின் தைல வாசனையும்தான் இருந்தன.

ஆனாலும் அவர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இன்னொரு பறவையை வெட்டச் சொன்னார். தான் அங்கேயே, கதவருகிலேயே, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். வெட்டி முடித்ததும் குழாயை எடுத்து வந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா நன்றாக மூச்சை இழுத்து ஊதினார். முள் காலையில் போட்ட கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதறினார். இன்னொரு முறை ஊதச் சொன்னார். அம்மா இன்னொரு முறை ஊதினார். அதே இடம்தான்.

"சாயங்காலமும் ஊதணும். நாளைக்கும் ஊதணும்," என்றார் அவர்.

பாராட்டு என்று அதை எந்த அகராதியிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாப்பிட உட்காரும் முன் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பட்டறைக்குள் போய், பின்பக்க ஜன்னலில் தான் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தார். அதையும் திறந்தால் இன்னும் நல்லதா என்று மனைவியிடம் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அண்ணி அன்றைக்கு அவருக்கு ஒரு அப்பளம் கூடுதலாகப் பொரித்துப் போட்டாள்.

சாயங்காலம் இன்ஜினியர் வந்தார். நரை ஓடிய தலையும் சிமெண்ட் படிந்த ஷூவுமாக ஒரு பெண்மணி. வந்ததும் வராததுமாகத் தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். பறவைகள் விட்டுப் போன இடங்கள் வழியாக வெயில் விழுந்து, சுவரில் ஒரு கூட்டம் பறந்தது. கட்டை விரலால் விளிம்பைத் தடவினார். படி முழுவதையும் செய்து தர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பொறியைக் கேட்டார்.

பொறி நிதானமாகப் பதில் சொன்னாள். நாளையே அளவெடுக்க வரலாமா என்று கூடக் கேட்டாள். வேலை உங்களுக்குத்தான் என்று இன்ஜினியர் சொன்னதும் நன்றி சொல்லிவிட்டு, கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும் என்று அதன் பின்னால் போனாள். அங்கே அவள் சத்தமில்லாமல் எம்பி எம்பிக் குதித்ததை அண்ணி மட்டும் பார்த்தாள்.

இன்ஜினியர் கிளம்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இதை இங்கதான் வெட்டினீங்களா? இன்னிக்கேவா? அப்ப புகையெல்லாம் எங்க?"

அண்ணி ஒரு மூடியைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் முழங்காலை மடித்து மேசைக்கு அடியில் நுழைந்துவிட்டார். தடுப்பு ஏன் நான்கு, பீப்பாய்க்குள் குழாய் ஏன் ஓரமாக நுழைகிறது, கதவு ஏன் திறந்திருக்கிறது என்று அடியிலிருந்தே கேள்வியாகக் கேட்டார். அண்ணி குனிந்து குனிந்து பதில் சொன்னாள். கம்பெனி மூடிய பிறகு அவளிடம் இப்படி யாரும் கேள்வி கேட்டதில்லை. பேசப் பேச அவள் குரல் வேகமெடுத்ததை, காபித் தம்ளரோடு வந்து நின்ற மருந்துக்கடைக்காரர் புதிதாகக் கேட்பது போலக் கேட்டார்.

இன்ஜினியர் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். தூரத்து ஊர் ஒன்றில் தங்களுக்குச் சொந்தமாக, கட்டடச் சட்டங்களுக்குக் கனத்த தகடு மட்டும் வெட்டும் ஒரு பெரிய இரும்புப் பட்டறை இருக்கிறது, இதே மாதிரி மேசைகள் வரிசையாக ஓடுகின்றன என்றார். சுவரில் ஃபேன்கள் வைத்தும் பயனில்லை. வேலை செய்கிறவர்கள் இருமிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். யார் யாரையோ கூப்பிட்டுக் காட்டியாயிற்று.

"நீங்க வந்து செஞ்சு தரணும். அங்கேயே தங்கணும், ரெண்டு மூணு மாசம் ஆகும். அடுத்த வாரமே வந்தா ரொம்ப நல்லது."

"அவளால எப்படிங்க வீட்டை விட்டுட்டு வர முடியும்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அண்ணி இல்லாம இங்க படி வேலை நடக்காது," என்றாள் பொறி அதே நேரத்தில்.

"போயிட்டு வரட்டுமே, அதனால என்ன?" என்றது நிலைப்படியிலிருந்து டெலிபோன் குரல்.

எல்லோரும் சொல்லி முடித்தபின் அண்ணியைப் பார்த்தார்கள். அவள் மேசையின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பொறி சொன்னது நியாயம்தான். இந்த மூடிகள் முரண்டு பிடித்தால் சரி செய்ய அவளை விட்டால் ஆளில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"உங்க பட்டறைக் கூரை எவ்வளவு உயரம்? ஆளுங்க மேசைக்கு எந்தப் பக்கம் நின்னு வேலை செய்வாங்க?"

கேட்ட பிறகுதான், மனசு முன்கூட்டியே கிளம்பிப் போய்விட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

பொறிக்கு அந்தச் சந்தேகம் இல்லை; அண்ணி போகத்தான் போகிறாள். முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். யார் முகத்தையும் பார்க்காமல் ஷட்டரின் அடியில் குனிந்து தெருவுக்குப் போனாள்.